கைக்கெட்டும் தூரத்து நோய்

மெக்கானிக்குக்கு ஒரு வேதவாக்கு உண்டு. "பெட்டியில கோளாறு இல்லீங்க, ஆள்லதான் கோளாறு." யார் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு படியேறினாலும் முதலில் அதைத்தான் சொல்வார். சொன்ன பிறகுதான் ஸ்க்ரூடிரைவரையே தேடுவார். முகத்தில் அடித்த மாதிரி இப்படிப் பேசுகிற ஆளிடம் ஜனங்கள் ஏன் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்று கேட்டால், என்ன செய்வது, பெரும்பாலும் அவர் சொன்னது சரியாக இருந்து தொலைத்தது. பிரிண்டர் செத்துப்போச்சு என்று கண் கலங்கி வந்த வக்கீலம்மாவிடம், பேப்பர் வெச்சீங்களா என்று கேட்டார். வைக்கவில்லை. மவுஸ் நகரவே மாட்டேங்குது என்று சண்டைக்கு வந்த மளிகைக்கடைக்காரரிடம் மவுஸைத் திருப்பிக் காட்டினார். அடியில் வெளிச்சம் வருகிற ஓட்டையை அடைத்துக்கொண்டு, அவர் கடை விலைச்சீட்டே ஒட்டியிருந்தது.

கடை என்று தனியாக எதுவும் கிடையாது. வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் நீள மேஜை, அதன் மேல் சால்டரிங் கம்பி, வயிறு பிளந்து கிடக்கும் லேப்டாப்புகள், டீ கிளாஸ் வைக்க மட்டும் கொஞ்சம் இடம். மூலையில் இன்னொரு மேஜை. அதில்தான் அவருடைய சொந்தப் பெட்டி இருந்தது. ஒவ்வொரு பாகமாகத் தேடிப் பொறுக்கி, தன் கையாலேயே பூட்டியது. அவரைத் திட்டினால்கூடச் சிரித்துக்கொண்டு கேட்பார்; அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட முடியாது. பகலில் அவர் அதில் பில் போடுவார், பழுது பற்றிப் படிப்பார். சாயங்காலம் அவர் மனைவி அதில் உட்கார்ந்து கேள்வித்தாள் தயாரிப்பார். கணக்கு டீச்சர். ஊரே டீச்சர் என்று கூப்பிட்டதில் கணவருக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது.

ஒருநாள் காலை டீ கிளாஸோடு அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்தார் மெக்கானிக். திரையில் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. பாலில் ஊறிய பிஸ்கட் மாதிரி ஊதி, ஓரமெல்லாம் கரைந்து நின்றது. வேறு யாராவது என்றால் திரையைத் துடைத்திருப்பார்கள். இவர் கண்ணைத் துடைத்தார்.

பின்னே? பெட்டியில கோளாறு இல்லை, ஆள்லதான் கோளாறு. ஊருக்கெல்லாம் சொன்ன நியாயம் தனக்கு மட்டும் மாறுமா? அதிலும் தன் கையால் பூட்டிய பெட்டி!

சிரிக்கலாம்தான். ஆனால் மனுஷனுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் வெகு நாளாகவே உட்கார்ந்திருந்தது. அவர் அப்பா தையல்காரர். ஐம்பது வயது வாக்கில் ஊசிக்காது தெரியவில்லை என்று ஆரம்பித்தவர், சில வருஷத்தில் எதிரே நிற்கிற ஆளையே குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டது, முன்னாடியே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மெக்கானிக்குக்கு இப்போது வயது நாற்பத்தெட்டு.

பதறிப்போய் ஃபோனை எடுத்துப் பார்த்தார். பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரிந்தது. ஜன்னல் வழியாகத் தெருக்கோடியில் திரும்புகிற பஸ்ஸைப் பார்த்தார். போர்டு தெளிவாக இருந்தது. திரும்பித் திரையைப் பார்த்தார். கலங்கல்! ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார். ரெண்டிலும் அதே கலங்கல்.

இந்த இடத்தில் பச்சைக் குழந்தைக்குக்கூட விஷயம் புரிந்திருக்கும். மெக்கானிக்குக்குப் புரியவில்லை. பக்கத்தில் தெரிகிறது, தூரத்தில் தெரிகிறது, சரியாகக் கை நீட்டும் தூரத்தில் மட்டும் தெரியவில்லை. அப்படியென்றால் இது கைக்கெட்டும் தூரத்து நோய் என்று முடிவு கட்டிவிட்டார். எழுத்து ஏன் பெரிசாகத் தெரிகிறது? நோய் முற்றினால் அப்படித்தான் வீங்கித் தெரியும் போல. அதற்கும் அவரே விளக்கம் சொல்லிக்கொண்டார். வருகிற பெட்டிகளைச் சோதித்துப் பார்க்க இன்னொரு மானிட்டர் இருந்ததே, அதில் பார்த்திருக்கலாமே என்றால், அது யாரோ வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனது. பிறவியிலேயே மங்கல். பழுதுக்கு வரும் லேப்டாப்புகளையோ குனிந்து மூக்கருகே வைத்துத்தான் பார்ப்பார்.

அன்று சாயங்காலம் கடைசி நம்பிக்கையாக டீச்சரைக் கவனித்தார். டீச்சர் வழக்கம் போல வந்து உட்கார்ந்தார், கேள்வித்தாள் அடித்தார், எழுந்து போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரையில் கோளாறு என்றால் டீச்சர் சும்மா இருப்பாரா? கரும்பலகையில் ஒரு புள்ளி விட்டுப்போனாலே வகுப்பை நிறுத்துகிறவர். ஆக, அவளுக்கு நல்லாத் தெரியுது. எனக்குத்தான் போச்சு.

டாக்டரிடம் போகவில்லை. போனால் அப்பாவுக்குச் சொன்னதையே சொல்லுவார்கள். சொல்லாத வரைக்கும் நோய் இல்லை. இப்படி ஒரு கணக்கு.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்? ரெண்டு மூன்று வாரத்தில் மனுஷன் ஆளே மாறிவிட்டார். சால்டரிங் கம்பியை எடுத்தால் கை நடுங்கியது. கை நடுங்கினால் கண்ணால்தான் என்று தோன்றியது. நுணுக்கமான போர்டு வேலை வந்தால், பார்ட்ஸ் கிடைக்காதுங்க என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பினார். வேதவாக்கைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். மளிகைக்கடைக்காரர் வந்து கீபோர்டில் டீ கொட்டிட்டேன் என்று தானாகவே குற்றத்தை ஒப்புக்கொண்டபோதுகூட, "பரவாயில்லை, யாருக்கும் வர்றதுதான்" என்றார். மளிகைக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

டீச்சர் மட்டும் எதையும் விசாரிக்கவில்லை. மெக்கானிக் திரை முன்னால் மூக்கு உரச உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவார். சாப்பிடும்போது எப்போதும் இல்லாத அக்கறையாய்த் தண்ணீர் கிளாஸை அவர் கையிலேயே கொடுத்தார். மெக்கானிக்குக்கு இது என்னவோ போலிருந்தது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். டீச்சருக்கு ஒரு தம்பி. பார்சல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். வாய் ஓயாத ஆள். வரும்போதெல்லாம், "மாமா, இந்த ஸ்டீயரிங் எனக்கு அலுத்துப்போச்சு, உங்க தொழிலைக் கொஞ்சம் சொல்லிக்குடுங்க" என்று நச்சரிப்பான். போய்த் தொலைடா என்று விரட்டுவார். அவனை இவரே ஃபோனில் கூப்பிட்டார்.

"மாப்ள, கடையை நீயே எடுத்துக்க."

"மாமா, யார் ஃபோன்லேர்ந்து பேசுறீங்க?" என்றான் மச்சினன். யாரோ குரலை மாற்றிக் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று நினைத்துவிட்டான்.

விஷயத்தை டீச்சரிடம் சொன்னபோது, ஏன் என்று ஒரு கேள்வி வரும், அப்போது கொட்டித் தீர்த்துவிடலாம் என்று மெக்கானிக் காத்திருந்தார். டீச்சர் "சரிங்க" என்றார். அவ்வளவுதான். சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். இத்தனை வருஷம் கட்டிக் காத்த கடை, ஏன்னுகூடக் கேட்கத் தோணலையே இவளுக்கு என்று அவருக்கு அழுகை முட்டியது. குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

விடுமுறை நாள் காலையில் மச்சினன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து சேர்ந்தான். முதலில் பில் போடுகிற விதத்தைக் காட்டலாம் என்று மெக்கானிக் அவனைச் சொந்தப் பெட்டி முன்னால் உட்காரவைத்தார். உட்கார்ந்தவன் கண்ணைச் சுருக்கினான். முன்னால் குனிந்தான். பின்னால் சாய்ந்தான்.

"மாமா, என்ன மாமா இது, எல்லாம் கலங்கலா இருக்கு?"

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்குமா?"

"எனக்குமான்னா?"

"எத்தனை நாளா மாப்ள?"

"இப்ப உக்காந்ததுலேர்ந்துதான்."

"ஐயோ, இந்தச் சின்ன வயசுலயா! உடனே டாக்டரைப் பாருடா. விளையாட்டா எடுத்துக்காதே. இது எங்க அப்பாவுக்கு வந்தது, எனக்கு வந்திருக்கு, இப்ப உனக்கு. பரம்பரை நோய் மாப்ள!"

மச்சினன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "மாமா, நான் உங்க பொண்டாட்டியோட தம்பி."

"அதுக்கென்ன?"

"உங்க அப்பாவோட பரம்பரை நோய் எனக்கு எப்படி வரும்?"

மெக்கானிக் திரையைப் பார்த்தார். மச்சினன் கண்ணைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு வீடே அதிர ஒரு சத்தம் போட்டார்.

"டீச்சர்!"

டீச்சர் ஈரக் கையோடு ஓடி வந்தார்.

"இந்த ஸ்கிரீன் உனக்கு எப்படித் தெரியுது?"

டீச்சர் திரையைப் பார்க்கவே இல்லை. கணவர் முகத்தைத்தான் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குங்க" என்றார் மெதுவாக.

"அக்கா, பொய் சொல்லாதே" என்றான் தம்பி. "குருடனுக்குக்கூடத் தெரியும் இது மங்கல்னு."

"டேய், வாயை மூடுடா!" என்று டீச்சர் அவன் மேல் பாய்ந்தார். குருடன் என்ற வார்த்தையைக் கணவர் முன்னால் சொல்லிவிட்டானே என்று அவருக்குப் பதைத்தது. பிறகு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மங்கல்தாங்க. ரொம்ப நாளாவே மங்கல். எழுத்து வேற பெரிசு பெரிசா இருந்துச்சா, உங்களுக்குப் பார்வை கொறஞ்சுபோய் நீங்கதான் அப்படி மாத்தி வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். உங்க அப்பாவுக்கு வந்தது ஞாபகம் வந்துடுச்சு. கேட்டா மனசு உடைஞ்சுடுவீங்களோன்னு கேக்கல. அதுலயே தட்டுத் தடுமாறி அடிச்சுட்டு, தினமும் தலைவலித் தைலம் தேய்ச்சுக்கிட்டுப் படுத்தேன்."

"நீ ஒண்ணும் சொல்லலையேன்னுதானே நான் என் கண்ணுன்னு முடிவு பண்ணினேன்!"

"நீங்க ஒண்ணும் சொல்லலையேன்னுதான் நானும்..."

ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்த மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். "நல்ல புருஷன், நல்ல பொண்டாட்டி. மாமா, முதல்ல அந்தப் பெட்டியைப் பாருங்க."

அதற்குப் பிறகு மெக்கானிக்கைப் பார்க்க வேண்டுமே! சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மானிட்டர் கேபிளைக் கழற்றி வேறு கேபிள் மாட்டினார். கலங்கல் போகவில்லை. பழுதுக்கு வந்திருந்த ஒரு லேப்டாப்பை அந்த மானிட்டரில் சொருகினார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல எழுத்து நின்றது. ஆக, மானிட்டர் நிரபராதி. மறுபடி சொந்தப் பெட்டியை மாட்டி செட்டிங்ஸைத் திறந்தார். திரைக்குப் போகிற படத்தின் அளவு மிகச் சின்னதாக இருந்தது. மாற்றப் போனால் மாற்ற விடவில்லை. உள்ளே என்னென்ன பாகம் இருக்கிறது என்று காட்டும் இடத்துக்குப் போனார். கிராபிக்ஸ் கார்டின் பேருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் ஒன்று ஆச்சரியக்குறியோடு உட்கார்ந்திருந்தது.

"ஆஹா, மாட்டினியா!" என்றார் மெக்கானிக். "பாத்தியா மாப்ள? படம் போடுற கார்டு படுத்துடுச்சு. அது படுத்தா பெட்டி சும்மா இருக்காது, அவசரத்துக்குக் கொஞ்சூண்டு புள்ளியை வெச்சு ஒரு படம் போட்டு அனுப்பும். அந்தச் சின்னப் படத்தை இந்தப் பெரிய ஸ்கிரீன் இழுத்து இழுத்து நிரப்பும். இழுத்தா பெரிசாவும் தெரியும், கலங்கியும் தெரியும்." இத்தனையும் தெரிந்த மனுஷன்தான் ரெண்டு மூன்று வாரமாக ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். மெக்கானிக்கின் பெட்டியும் அந்த ரகம்தான்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே தூசி மெத்தை போட்டிருந்தது. ஊர்ப் பெட்டிகளையெல்லாம் ஊதித் துடைக்கிற ஆள் தன் பெட்டியைத் திறந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கார்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. சாய்ந்ததில் கார்டின் ஃபேன் கீழே போகிற ஒயரில் இடித்து, சுற்றாமல் சிக்கி நின்றது. ஃபேன் சுற்றாமல் சூடேறி, சூடேறித்தான் கார்டு கையைத் தூக்கியிருக்கிறது.

"ஏன் மாமா சாஞ்சுது?" என்றான் மச்சினன்.

மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்தார். கார்டைப் பிடித்து நிறுத்தும் இடத்தில் ஓட்டை இருந்தது. ஸ்க்ரூவைக் காணோம். அசடு வழியச் சிரித்தார்.

"வக்கீலம்மா பெட்டிக்கு ஒரு ஸ்க்ரூ கொறைஞ்சுது. அவசரத்துக்கு இதுலேர்ந்து கழட்டிப் போட்டேன். அப்புறம் போட்டுக்கலாம்னு விட்டுட்டேன்."

"அப்ப ஆள்லதான் கோளாறு" என்றார் டீச்சர்.

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். மெக்கானிக்கும் சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முன்னறையில் அவர் சிரிப்புச் சத்தம் கேட்டது. தூசியைத் தட்டினார். கார்டைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களை ரப்பரால் பூப்போலத் தேய்த்து, மறுபடி அழுத்தி உட்காரவைத்து, இந்தத் தடவை ஸ்க்ரூவும் போட்டு முறுக்கினார். ஒயரை ஓரமாகக் கட்டினார். கை நடுங்கவில்லை. அதை அவர் கவனிக்கக்கூட இல்லை.

பெட்டி ஓடத் தொடங்கியது. திரை ஒரு கணம் இருண்டது, சிமிட்டியது, பிறகு எழுத்தெல்லாம் நறுக்கென்று வந்து நின்றது. மெக்கானிக் கடிகாரத்தைப் படித்தார். மூலையில் கிடந்த தேதியைப் படித்தார். டீச்சரின் கேள்வித்தாள்களின் பேரையெல்லாம் வரிசையாகச் சத்தம் போட்டுப் படித்தார். "டீச்சர், என் கண்ணு நல்லா இருக்கு! எனக்கு ஒண்ணுமில்ல!" தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன சந்தோஷத்தில் மச்சினனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மாமா, அப்ப கடை?" என்றான் அவன், பிடிக்குள்ளிருந்தபடியே.

"வா மாப்ள, வா. ரெண்டு பேருமாப் பாப்போம். எனக்கு ஸ்க்ரூவை ஞாபகப்படுத்த ஒரு ஆள் வேணும்."

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு, கைப்பையோடு வந்து நின்றார்.

"கிளம்புங்க."

"எங்க?"

"கண் டாக்டர்கிட்ட."

"எதுக்கு? அதான் கண்ணு நல்லா இருக்கே! பெட்டியில கோளாறுன்னு நீயே பாத்தியே!"

"பாத்தேன்" என்றார் டீச்சர். குரல் உடைந்தது. "கண்ணு போயிடும்னு நினைச்சு, கடையையே தூக்கிக் குடுக்கத் துணிஞ்சீங்க. டாக்டர்கிட்ட போக மட்டும் துணியல. நெஜமாவே கண்ணா இருந்திருந்தா? நீங்க மூடி மறைச்சிருப்பீங்க, நானும் கேக்காம குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதுக்கிட்டு இருந்திருப்பேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்றதுக்கா? இத்தனை நாளா நான் தூங்கலைங்க. எனக்கு நிம்மதி வேணும். வாங்க."

அன்று குழாய் ஏன் அவ்வளவு நேரம் ஓடியது என்று மெக்கானிக்குக்கு இப்போதுதான் புரிந்தது. மறுபேச்சுப் பேசாமல் செருப்பை மாட்டினார். கடையைப் பார்த்துக்கொள்வதாக மச்சினன் சொன்னான். எதையும் கழட்டாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கண் டாக்டர் ஒரு பெண்மணி. நிதானமான பேச்சு. சுவரில் எழுத்துகளைக் காட்டினார். மெக்கானிக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார், படித்துவிட்டுப் பாத்தியா என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மோவாயை ஒரு கருவியில் வைக்கச் சொன்னார்கள். புஸ்ஸென்று கண்ணில் காற்று அடித்தது. மெக்கானிக் துள்ளினார். "இந்த மிஷினை யார் சர்வீஸ் பண்றாங்க?" என்று கேட்டார். டீச்சர் முழங்கையால் இடித்தார்.

டாக்டர் மறுபடி காற்று அடித்துப் பார்த்தார். வேறொரு கருவியால் அளந்தார். கண்ணில் மருந்து விட்டு, காத்திருக்கச் சொல்லி, விளக்கை வைத்து உள்ளே வெகு நேரம் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு குறைந்ததை டீச்சர்தான் முதலில் கண்டார்.

"உங்க வீட்டுல யாருக்காவது கண் அழுத்தம் இருந்துச்சா?"

"அப்பாவுக்கு" என்றார் மெக்கானிக்.

"உங்களுக்கும் ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு கண்ணுலயும் அழுத்தம் அதிகம். ஆனா நரம்பு இன்னும் கெடல. தினமும் சொட்டு மருந்து விட்டு, சொன்ன தேதிக்கெல்லாம் வந்து காட்டினீங்கன்னா பார்வையைக் காப்பாத்திடலாம்." டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. இந்த நோய் ஆரம்பத்துல வலிக்காது, மங்காது, ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்சு ஓடி வர்றவங்களுக்குப் பாதிப் பார்வை போயிருக்கும். நீங்க எப்படி இவ்வளவு சீக்கிரமா வந்தீங்க?"

மெக்கானிக் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று பார்த்தார். வரவில்லை. கண்தான் நிறைந்தது. "நானா வரல டாக்டர்" என்றார். "இவதான் இழுத்துட்டு வந்தா."

வெளியே வந்தபோது விட்ட மருந்தில் அவருக்கு எல்லாமே கூசியது. வெயில் வெள்ளையாய்ப் பரவித் தெரு முழுக்கக் கலங்கித் தெரிந்தது. இந்தக் கலங்கல் சாயங்காலத்துக்குள் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தாலும் படி இறங்கும்போது டீச்சரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இப்போதும் பயம்தான். ஆனால் ரெண்டு பேருக்கும் தெரிந்த பயம்.

"டீச்சர்."

"ம்."

"இனிமே எனக்கு எது சரியில்லைன்னு உனக்குத் தோணினாலும் உடனே சொல்லிடு. கோவிச்சுக்க மாட்டேன்."

"கோவிச்சுக்கிட்டாலும் சொல்லுவேன்" என்றார் டீச்சர்.